பால் பொங்கிச்சா?

பிரசவ வார்டில் வேலை பார்க்கிற எல்லாருக்கும் பால் பொங்கியாயிற்று, ஜெபக்கனி ஒருத்தியைத் தவிர.

அது அந்த நர்சுகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட பேச்சு. பொங்கலன்று எதிர்ப்படுகிறவர்கள் 'பால் பொங்கிச்சா?' என்று விசாரித்துக்கொள்வார்கள் அல்லவா, அதையே முத்தாபுரம் அரசு மருத்துவமனைக்காரிகள் பிரசவ அறை வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஒருத்தி கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வருவாள். வாசலில் நிற்கிறவள், "பொங்கிச்சா?" என்பாள். வந்தவளுக்குக் கண் கலங்கியிருக்கும், வாயெல்லாம் பல்லாக இருக்கும். "பொங்கிருச்சுட்டி" என்று சொல்லிவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்து சிரிப்பாள். பிள்ளை பெற்றவள் உள்ளே படுத்திருக்க, பெறாதவள் வெளியே நின்று ஆனந்தக் கண்ணீர் விடுகிற கூத்தை உலகத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது.

கூத்துக்குக் காரணம் இணைவளை. பிரசவ அறையில் பெண்களைத் திட்டுகிறார்கள், தொடையில் அடிக்கிறார்கள், திரை கூடப் போடாமல் படுக்கவைக்கிறார்கள் என்று தலைமுறை தலைமுறையாகப் புகார். சுற்றறிக்கை விட்டுப் பார்த்தார்கள். தாய்மாரின் உரிமைகள் என்று கொட்டை எழுத்தில் சுவரில் எழுதிப் பார்த்தார்கள். அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டே திட்டினார்கள். கடைசியில் ஜோடி ஜோடியாக வளையல் வந்தது. சாம்பல் நிறம், ரப்பர் மாதிரி வளையும். ஒன்றை வலி எடுத்தவளின் கையில் மாட்டுவார்கள், இன்னொன்றை அவளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸின் கையில். அவள் மனசில் படுகிறது இவள் மனசிலும் படும்.

அதை மாட்டிவிட வந்த பொறியாளர் ஹமீதிடம் ஜெபக்கனி முதல் நாளே சண்டைக்குப் போனாள்.

"இவளுக வலியெல்லாம் நான் படணுமா தம்பி? பிறகு வேல எவன் பாப்பான்?"

"வலி வராது மேடம். பயம் வரும், அமைதி வரும், சந்தோஷம் வரும். அவ்வளவுதான்."

"அவ பயந்தா எனக்கு நெஞ்சு அடிக்கணும். நல்லாருக்கே நியாயம். எதுக்கு?"

"அதுக்குத்தான் மேடம்" என்றான் ஹமீது, சிரிக்காமல்.

ஜெபக்கனியின் கைக்கு அந்த மாவட்டத்தில் பேர் உண்டு. கொடி சுற்றிய பிள்ளையோ, நிற்காத உதிரப்போக்கோ, டாக்டர் படியேறி வருவதற்குள் பாதி வேலையை முடித்திருப்பாள். கைக்கு இருந்த பேர் வாய்க்கு இல்லை. "புருஷன்கூட இருக்கும்போது இனிச்சிச்சில்ல, இப்ப என்ன கத்துத?" என்று அவள் போடுகிற சத்தத்தில் வலி வந்தவளுக்கு வலியே மறந்துபோகும். வளையல் வந்த பிறகு கை நீட்டுவதையும் அந்த மாதிரிப் பேச்சையும் நிறுத்திக்கொண்டாள். அதட்டலை மட்டும் விட முடியவில்லை. அதட்டினால்தான் முக்குவார்கள் என்று அவளுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதட்டும்போதெல்லாம் மணிக்கட்டிலிருந்து ஒரு திடுக்கம் நெஞ்சுக்கு ஏறும். கருவாட்டுக் கடைக்காரனின் மூக்கு மாதிரி, நாளடைவில் அதுவும் பழகிப்போயிற்று.

பழகாதது ஒன்றுதான். அந்தப் பொங்கல்.

பிள்ளை வெளியே வந்து முகம் காட்டுகிற நொடியில் தாய்க்கு ஒன்று பொங்குமாம். அது வளையல் வழியாக நர்ஸுக்கும் வருமாம். வந்துவிட்டால் அன்றைக்கு முழுக்கக் கால் தரையில் பாவாதாம். எல்லாம் கேள்விதான். ஜெபக்கனி வளையல் மாட்டிப் பார்த்த பிரசவம் எதிலும் அவளுக்கு அது வரவில்லை. பயம் வரும், களைப்பு வரும், விட்டது சனி என்கிற மாதிரி ஒரு பெருமூச்சு வரும். அதோடு சரி.

யாழினிக்கோ தவறாமல் பொங்கியது. யாழினி நேற்று வந்தவள். அவள் ஊசி போட நரம்பு தேடுவதற்குள் ஜெபக்கனி இரண்டு பேருக்குப் போட்டு முடித்துவிடுவாள். அப்படிப்பட்டவள் வாரத்துக்கு ஐந்தாறு தரம் முகமெல்லாம் வெளிச்சமாக வெளியே வருகிறாள். "பொங்கிருச்சு மேடம்" என்று இவளிடமே வந்து சொல்லுகிறாள், கள்ளமில்லாமல். ஜெபக்கனிக்கு அடிவயிறு எரியும். பொறாமைதான், அதற்கு நல்ல பெயராக வேறொன்று தேடி வைக்க வேண்டியதில்லை.

ஆனால் யாழினி மேல் வந்தது மேல்பொறாமை. அடியில் இன்னொன்று கிடந்தது. அது அங்கே வந்து பிள்ளை பெறுகிற பெண்கள் மேல்.

இவளுகளுக்குத் திரை உண்டு. கூட அக்காளோ அம்மாளோ நிற்கலாம். படுக்க வேண்டாமென்றால் குந்தலாம், நடக்கலாம், கஞ்சி குடிக்கலாம். கேட்டுத்தான் தொட வேண்டும். 'நாங்க பெத்தப்ப ஒரு நாய் திரும்பிப் பாத்துதா? இவளுக பெத்தா மட்டும் மகாராணியா?' ஜெபக்கனிக்கு ஒவ்வொரு திரையை இழுத்துவிடும்போதும் இப்படித்தான் தோன்றும். தனக்குக் கிடைக்காததை அடுத்தவளுக்குத் தன் கையாலேயே எடுத்துக் கொடுப்பதைப் போலப் பாடாவதியான வேலை உண்டா?

அவளுக்கும் ஒரு பிரசவம் நடந்தது. மகன் ஸ்டீபன் பிறந்தது வேறொரு ஊரில், வேறொரு ஆஸ்பத்திரியில். மூக்குக்கண்ணாடி இல்லாமல் அவளுக்கு எதிரே நிற்கிற ஆள் தெரியாது. உள்ளே போனதும் கண்ணாடியைக் கழற்றி வாங்கிவிட்டார்கள். பக்கத்துக் கட்டிலுக்கும் இவள் கட்டிலுக்கும் நடுவில் திரையில்லை. பிள்ளை பிறந்ததும் ஒரு நர்ஸ் அதைத் தூக்கிக் காலை விரித்துக் காட்டி, "என்ன குழந்தை? பாத்துச் சொல்லு!" என்றாள். பின்னால் பிள்ளை மாறிவிட்டதென்று வழக்கு வரக் கூடாதாம், அதனால் பெற்றவள் தன் வாயாலேயே சாட்சிகள் கேட்கச் சொல்ல வேண்டும். எல்லா ஆஸ்பத்திரியிலும் அதுதான் வழக்கம். ஜெபக்கனிக்குத் தெரிந்தது மங்கலாக ஒரு சிவப்பு. "பொம்பளப்பிள்ளை" என்றாள். அறையே சிரித்தது. "கண்ணு அவிஞ்சா போச்சு? ஒழுங்காப் பாரு" என்று தொடையில் ஓர் அடி விழுந்தது. சரியாகச் சொன்ன பிறகுதான் பிள்ளையின் முகத்தைக் காட்டினார்கள். அதுவும் காட்டினார்கள், அவ்வளவே.

அவள் மனசில் எதுவுமே நடக்கவில்லை. யாரோ கொடுத்தனுப்பிய பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு போவது மாதிரி மகனை வீட்டுக்குத் தூக்கிப் போனாள். பால் கொடுத்தாள், குளிப்பாட்டினாள், படிக்கவைத்தாள், குறை சொல்ல முடியாதபடி வளர்த்தாள். ஆனாலும் தனக்குள் தாய்க்கு இருக்க வேண்டிய ஏதோ ஒன்று பிறவியிலேயே இல்லை என்று அவளுக்கு உறுதி. அதை யாரிடமும் சொன்னதில்லை. வளையல் வந்தபோது வெளியே சண்டை போட்டாளே ஒழிய, உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது. அடுத்தவளுடையது வழியாகவாவது அது எப்படி இருக்கும் என்று ஒரே ஒரு தரம் தெரிந்துகொண்டால் போதும்.

அதனால்தான் வளையலைச் சோதிக்க ஹமீது வந்த நாளில் அவனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"என் வளையல் ஓட்டை தம்பி. மாத்திக் கொடு."

அவன் அதைக் கழற்றித் தன் பெட்டியில் செருகிப் பார்த்தான். "நல்லாத்தான் இருக்கு மேடம்."

"அப்ப எனக்கு மட்டும் ஏன் பொங்கல?"

ஹமீது சங்கடமாக வளையலைத் துடைத்தான். "வளையல் எதையும் உண்டாக்காது மேடம். அங்க இருக்கிறத இங்க கொண்டாரும், அவ்வளவுதான். பயமும் அதுவும் ஒரே நேரத்துல உள்ள இருக்காது. பயம் ஏறுனா அது இறங்கிரும்."

"இறங்குனா பிறகு ஏறாதா?"

"அந்த முதல் பொங்கல் ஒரு தடவதான். பிள்ளை மேல பாசம் பிறகு வரும், மெதுவா, வேற வழியா வரும். வராமப் போகாது. ஆனா இது வேற, அது வேற."

வேறு யாராவது என்றால் அந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருப்பார்கள். ஜெபக்கனி யோசித்தது வேறு. வளையலில் கோளாறில்லை என்றால் ஆளில்தான் விஷயம். யாழினிக்கு வாய்க்கிறவர்கள் நல்ல பதமான ஆட்கள். அவள் வேலையை அவளே செய்யட்டும், அந்தக் கடைசி நொடியை மட்டும் நாம் எடுத்துக்கொண்டால் என்ன?

அடுத்த வாரம் வடிவு வந்தாள். சுடலைவடிவு என்று முழுப் பெயர், உப்பளத்து ஊர்க்காரி, தலைப்பிரசவம். காலையிலிருந்து யாழினி அவளோடேயே இருந்தாள். வராந்தாவில் கையைப் பிடித்து நடக்கவைத்தாள். வலி வரும்போது இடுப்பை அழுத்திப் பிடித்துவிட்டாள். வடிவின் அக்காள் ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம். "தொட்டுப் பாக்கட்டுமா வடிவு?" என்று ஒவ்வொரு தரமும் கேட்டாள். "பாருங்கக்கா" என்று ஒவ்வொரு தரமும் அவள் சொன்னாள். நடுவில் மூன்று பேரும் எதற்கோ சிரித்தார்கள். பிரசவ வலியில் சிரிப்பு!

ஜெபக்கனி மேசையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். எரிந்துகொண்டிருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். மத்தியானம் நெருங்கியது. வடிவின் முனகல் மாறியதை அவள் காது தூரத்திலிருந்தே பிடித்துவிட்டது. எழுந்து போனாள்.

"யாழினி, காலைலேருந்து நீ ஒண்ணும் தின்னலல்ல. போய்ச் சாப்பிட்டு வா. நான் பாத்துக்கிடுதேன்."

"இன்னும் கொஞ்ச நேரந்தான் மேடம். முடிச்சுட்டே போறேனே."

"எனக்குத் தெரியாதாட்டி? வளையலக் கழத்து."

யாழினியின் முகம் வாடியது. பெரியவள் சொன்னால் தட்ட முடியாது. வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். போகிற போக்கில் வடிவின் தலையைத் தடவி, "பயப்படாத. மேடம் கை மாதிரி நல்ல கை இந்தப் பக்கத்துலயே கிடையாது" என்றாள். ஜெபக்கனிக்கு அந்த நல்ல வார்த்தை முள்ளாகக் குத்தியது.

வளையலை மாட்டினாள். மாட்டியதும் அப்படியே நின்றுவிட்டாள்.

நெஞ்சுக்குள் அமைதி. வலியின் மத்தியில் இருக்கிறவளுக்குள் இப்படி ஒரு அமைதி இருக்க முடியும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. காலையிலிருந்து யாழினி கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி வைத்தது. ஆள் மாறியதும் அது லேசாக அலம்பியது. ஜெபக்கனி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். திருடப் போன வீட்டில் நடக்கிறவள் மாதிரி பதமாக நடந்தாள். பதமாகப் பேசினாள்.

"எப்படி வசதியோ அப்படி இரும்மா. அக்கா, நீங்க அவ முதுகுக்கு அணைவா உக்காருங்க. வலி வரும்போது மட்டும் முக்கு. அவசரமே இல்ல."

தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. வடிவு அவளை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். அலம்பியது அடங்கியது. கை தன் வேலையைத் தானே செய்தது. தலை தெரிந்தது, தோள் திரும்பியது, வழுக்கிக்கொண்டு முழுசாக வந்து விழுந்தது பிள்ளை. வீறிட்டு ஒரு அழுகை.

வடிவு தலையைத் தூக்கிப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள்.

அப்போது ஆரம்பித்தது. ஜெபக்கனியின் மணிக்கட்டில் சூடாக ஒன்று ஊறி, தோள் வழியாக ஏறி, மார்புக்கு வந்து நிறைந்தது. நிறைந்து மேலே எழும்பியது. அவள் கண்கள் தானாகவே நனைந்தன. இதுவா? இதுதானா அது? பானைக் கழுத்து வரை நுரை வந்துவிட்டது. இன்னும் ஒரு நொடிதான்.

கைக்குப் பழக்கம் என்று ஒன்று உண்டு. அவள் கைகள் பிள்ளையைத் திருப்பித் தூக்கின. கால்களை விரித்துக் காட்டின. வாய் தன்பாட்டுக்குத் திறந்தது.

"என்ன குழந்தை? பாத்துச் சொல்லு!"

பொங்கும் பாலில் தண்ணீர் தெளித்தால் எப்படி அடங்கும், அப்படி அடங்கியது. வடிவின் கண்கள் பிள்ளையின் முகத்தை விட்டு ஜெபக்கனியின் முகத்துக்குத் தாவின. மிரண்டுபோய், பள்ளிக்கூடத்தில் எழுப்பிவிட்ட பிள்ளை மாதிரி பதில் தேடின.

"பொம்பளப்புள்ள" என்றாள். பிறகு மெதுவாக, "சரியா சிஸ்டர்?" என்று கேட்டாள்.

தான் பெற்ற பிள்ளையைப் பற்றித் தான் சொன்னது சரிதானா என்று கேட்டாள். வளையல் வழியாக வந்தது ஜெபக்கனிக்குப் புதிதில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிற கூச்சம், தப்பாகச் சொல்லிவிட்டால் என்ன ஆகுமோ என்கிற நடுக்கம். கண்ணாடி இல்லாமல் படுத்துக் கிடந்த அன்றைக்குத் தனக்குள் இருந்ததே அப்படியே திரும்பி வந்திருந்தது.

அவசரமாகப் பிள்ளையை வடிவின் மார்பில் கிடத்தினாள். "சரிதாம்மா, எல்லாம் சரிதான். நீ பிள்ளை முகத்தப் பாரு. நல்லாப் பாரு" என்று கெஞ்சினாள். சொன்னதற்காக வடிவு பார்த்தாள். ஜெபக்கனி நெஞ்சைக் கவனித்துக்கொண்டே நின்றாள். பயம் வடிந்தது. களைப்பு வந்தது. ஹமீது பொய் சொல்லவில்லை, வேறெதுவும் ஏறவில்லை.

அவள் வெளியே வந்தபோது யாழினி கை கழுவின ஈரத்தோடு ஓடி வந்தாள். "பொங்கிச்சா மேடம்?" என்று ஆசையாகக் கேட்டாள். ஜெபக்கனி வளையலைக் கழற்றி அவள் கையில் வைத்துவிட்டு நடந்தாள். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் கை கழுவினாள். இந்தக் கையால், இந்த வாயால் அவள் எத்தனை பேரைக் கேட்டிருக்கிறாள்! ஊரில் பாதிப் பிள்ளைகள் அவள் தூக்கிக் காட்டியவை. கணக்கு எடுக்கத் துணிவில்லாமல் குழாயை மூடினாள்.

சாயங்காலம் தாய்மார் வார்டுக்குப் போனாள். உதிரப்போக்கு எப்படி என்று பார்க்கத்தான் போனாள், அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வடிவின் அக்காள் டீ வாங்கப் போயிருந்தாள். பிள்ளை துணியில் சுற்றிக் கிடந்தது. வடிவு சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு அவளைக் கிட்டத்தில் வரச் சொல்லிக் கை காட்டினாள்.

"சிஸ்டர், ஒண்ணு கேட்டாத் தப்பா நினைக்க மாட்டீங்களே?"

"கேளு."

"புள்ள முகத்தப் பாத்ததும் எல்லாம் மறந்துரும், உள்ளுக்குள்ள என்னமோ பண்ணும்னு எங்க அக்கா சொன்னா. எல்லாருந்தான் சொன்னாங்க." அவள் குரல் இன்னும் தாழ்ந்தது. "எனக்கு ஒண்ணும் பண்ணலயே சிஸ்டர். எங்கிட்ட ஏதும் கோளாறா?"

அந்தக் கேள்வியை ஜெபக்கனிக்கு நன்றாகத் தெரியும். ஸ்டீபனுக்கு என்ன வயசோ அதே வயசு அதற்கும். அவள் யாரிடமும் கேட்காமல் வைத்திருந்ததை இந்தப் பெண் அரை நாளில் கேட்டுவிட்டது. 'எல்லாம் சரியாப்போகும், தூங்கு' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. இந்தப் பெண் தன்னிடம் என்னமோ இல்லை என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போவாள், குறை சொல்ல முடியாதபடி அந்தப் பிள்ளையை வளர்ப்பாள்.

ஜெபக்கனி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"வந்துச்சு" என்றாள்.

"என்னது?"

"உனக்கு வந்துச்சும்மா. அந்த வளையல் எங்கைல இருந்துச்சு பாரு, அதுல எனக்குத் தெரிஞ்சுது. கழுத்து வரைக்கும் வந்துச்சு. அதுக்குள்ள நான் என்ன குழந்தைன்னு கேட்டு அதட்டுனேன். நீ பயந்துட்ட. அடங்கிப்போச்சு." பிள்ளையைச் சுற்றியிருந்த துணியைச் சரிசெய்தாள். "முதல்ல பிள்ளைய உன் நெஞ்சுல போடணும். அப்படித்தான் இப்ப விதி. எனக்குத் தெரியும், தெரிஞ்சும் செஞ்சேன். கோளாறு உங்கிட்ட இல்ல. எங்கிட்டதான்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். நாலு பேரைக் கூட்டிச் சத்தம் போட்டாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள். வடிவுக்குக் கண்ணீர் காதோரம் வழிந்தது. பிறகு பக்கத்தில் கிடந்த பிள்ளையை இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டாள்.

"நெசமாவே வந்துச்சா?"

"சத்தியமா."

"எப்படி இருந்துச்சு சிஸ்டர்?"

ஜெபக்கனி சொன்னாள். சூடாக ஊறியதையும், தோள் வழியாக ஏறியதையும், மார்பு நிறைந்து எழும்பியதையும், கண் தானாக நனைந்ததையும் தனக்குத் தெரிந்த வார்த்தைகளில் சொன்னாள். வடிவு கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது.

"இன்னொரு தடவ சொல்லுங்க."

ஸ்டீபன் பிறந்த அன்றைக்கு ஜெபக்கனியின் கையோடு இணைந்த வளையல் உலகத்தில் யார் கையிலும் இல்லை. அவளுக்கும் கழுத்து வரை வந்திருக்கலாம், வராமலே போயிருக்கலாம். வந்தது என்று சொல்ல ஒருத்தரும் கிடையாது, இனி வரப்போவதும் இல்லை. இந்தப் பெண்ணுக்கோ, கெடுத்தவளே பக்கத்தில் உட்கார்ந்து சாட்சி சொல்லுகிறாள். அடிவயிற்றில் பழைய எரிச்சல் மூண்டது. யாழினி மேல் வந்ததெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

எரிகிற வயிற்றோடு, அதட்டாத குரலில், அவள் மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.